காலி ஹாலில் ஒரு அறிமுக வகுப்பு

பேராசிரியர் ஒருவருடைய இரங்கல் கூட்டத்தில் துறைத்தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "அவர் ஒரு தனிமை விரும்பி" என்றார். வருஷங்கள் ஓடிவிட்டன. எனக்கு அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

மைக் சுவிட்சு என் கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. பட்டென்று அணைத்துவிட்டு, "மைக்கில கோளாறு, அடுத்தவர் வாங்க" என்று சொல்லியிருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். அந்த மைக்கின் யோக்கியதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் வேலை என்று வந்துவிட்டால், எவர் என்ன உளறினாலும் சத்தம் சுத்தமாக வர வேண்டும். அதுதான் என் பிழைப்பு. ஆகவே அந்தப் பொய் கடைசி வரிசை வரைக்கும் கணீரென்று கேட்டது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் தலையை ஆட்டினார்கள். அவர்களில் பாதிப் பேர் அந்த மனிதரை நேரில் பார்த்ததே இல்லை. வீடியோவில் பார்த்திருந்தார்கள்.

தனிமையை எவனாவது விரும்புவானா? தலைவலி வந்தால் கொஞ்ச நேரம் விரும்பலாம். கடன்காரன் வந்தால் விரும்பலாம். அதற்கு மேல் விரும்புகிறவனை நான் பார்த்ததில்லை. இந்த மனிதர் வாழ்நாளில் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான்: தான் ஒரு கேள்வி கேட்டால் எதிரே ஓர் ஆள் இருந்து பதில் சொல்ல வேண்டும். அதுவும் கையை விட்டுப் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பல்கலைக்கழகத்தில் பெரிய ஹாலைப் பார்த்துக்கொள்கிறவன். மைக், புரொஜக்டர், விளக்கு, ஏசி, கதவுச் சாவி எல்லாம் என் பொறுப்பு. பிறகு காமிராவும் என் தலையில் விழுந்தது. படிப்பு எட்டாவதோடு சரி. "மாப்பிள்ளைக்கு யுனிவர்சிட்டியில வேலை" என்று என் மாமியார் போகிற இடமெல்லாம் சொல்லுவார். என்ன வேலை என்று யாராவது கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

நான் சொல்ல வந்த மனிதர் கம்ப்யூட்டர் துறையில் பேராசிரியர். ஆபரேட்டிங் சிஸ்டம் என்று ஒரு பாடம் நடத்தினார். பிள்ளைகள் ஓ.எஸ். என்பார்கள். அது விருப்பப் பாடம், எடுத்தாலும் எடுக்கலாம், விட்டாலும் விடலாம். அதனால் எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பருவம் தொடங்கும் முதல் வாரம் ஒவ்வொரு வாத்தியாரும் தன் பாடத்தை அறிமுகப்படுத்தி ஒரு வகுப்பு எடுப்பார். பிள்ளைகள் சந்தையில் காய்கறியை அமுக்கிப் பார்க்கிற மாதிரி ஹால் ஹாலாக ஏறி இறங்கிவிட்டு, பிடித்த பாடத்துக்குப் பெயர் கொடுப்பார்கள். ஆள் சேராத பாடம் அந்த வருஷம் கிடையாது. சில வாத்தியார்கள் அந்த வாரம் மட்டும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வருவார்கள். ஜோக்கைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வந்து, "நான் கையைத் தூக்கினா நீங்க சிரிங்க, மத்தவங்களும் சிரிப்பாங்க" என்று என்னிடம் சொன்ன மகானும் உண்டு. நான் சிரித்தேன். நான் மட்டும்தான் சிரித்தேன்.

இவர் அப்படி ஒன்றும் செய்ய மாட்டார். வெளுத்துப்போன சாம்பல் நிறச் சட்டை, தோளில் தொங்கும் பை. மேடையில் வந்து நின்று ஒரு கேள்வி கேட்பார். கேட்டுவிட்டுக் காத்திருப்பார். மற்ற வாத்தியார்கள் கேள்வி கேட்ட மூச்சிலேயே பதிலையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். இவர் சொல்ல மாட்டார். கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். முறைப்பெல்லாம் கிடையாது. விருந்தாளிக்குக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறவர் முகம் மாதிரி இருக்கும். ஹாலில் ஏசி இரைவது கேட்கும். ஒருவன் இருமுவான். ஒருத்தி பேனாவைக் கீழே போட்டுவிட்டு அதைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொள்வாள். கடைசியில் எவனாவது தாங்க முடியாமல் எதையாவது உளறுவான். அவ்வளவுதான், இவர் முகம் மலர்ந்துவிடும். தப்பான பதில் என்றால் இன்னும் சந்தோஷம். "ஏன் அப்படித் தோணுச்சு?" என்று கேட்டுக்கொண்டே மேடையை விட்டு இறங்கி அவன் பக்கத்திலேயே போய்விடுவார்.

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் வெயிட்டிங் சார்.

எனக்கும் அவருக்கும் பழக்கம் சண்டையில்தான் தொடங்கியது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அறிமுக வகுப்பு நடக்கிறது. "ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதுல பாட்டு ஓடுது, படம் இறங்குது, நீங்க டைப் அடிக்கிறீங்க, பிரிண்டர் வேற வேலை கேக்குது. எல்லாரும் அந்த ஒரு மெஷினைத்தான் பங்கு போட்டுக்கணும். சண்டை வராம யார் பாத்துக்கறது?" என்று கேட்டார். காத்திருந்தார். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. சுற்றிப் பார்த்தவர் கண்ணில், கதவருகே நின்ற நான் பட்டேன்.

"இதோ நிக்கிறாரே, இவர்தான் ஆபரேட்டிங் சிஸ்டம்."

ஹால் மொத்தமும் திரும்பியது.

"இவர் பாடம் நடத்தறதில்ல, பரீட்சை வைக்கறதில்ல. ஆனா யாருக்கு எந்த நேரம், மைக் யார் கையில, யார் வெளிய காத்திருக்கணும், எல்லாம் இவர் பொறுப்பு. இவர் வேலை ஒழுங்கா நடந்தா இப்படி ஒருத்தர் இருக்கார்னே உங்களுக்குத் தெரியாது. கெட்டுப்போனாத்தான் தேடுவீங்க."

கொல்லென்று சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பெயர் ஓ.எஸ். அண்ணன். கேன்டீனில், சைக்கிள் ஸ்டாண்டில், எங்கே போனாலும் "ஓ.எஸ். அண்ணே, என்ன ஹேங் ஆகி நிக்கிறீங்க?" என்று ஒரு குரல் வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே அவரிடம் போய்க் கேட்டேன்.

"என்ன சார், உங்க வகுப்புக்கு நான்தான் பொம்மையா?"

அவர் பையை மூடாமல் அப்படியே நின்றார். "தப்புதாங்க. உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்." பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா நான் சொன்னது பொருந்துதா?" என்று கேட்டுவிட்டு, காத்திருக்க ஆரம்பித்துவிட்டார்.

கோபமாகப் போனவன் எத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்பது? "பொருந்தாது சார். உங்க சிஸ்டம் நேரம் முடிஞ்சவனை இறக்கி விடுதுன்னு அப்புறம் வகுப்புல சொன்னீங்க. நான் எந்தப் பேராசிரியரை இறக்கி விட்டேன்? கதவைத் திறந்து தலையை நீட்டறேன், அவங்க பாக்கற பார்வையில நானே வெளிய போய் நிக்கிறேன்."

அவருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அது பழைய காலத்து முறைங்க. ஓடிக்கிட்டு இருக்கறவனுக்கு மனசு வந்து அவனா இறங்கணும். இப்போ அப்படி இல்ல, நேரம் முடிஞ்சா கையில இருந்து பிடுங்கிடும்."

"அந்த வசதியை எனக்கும் வாங்கிக் குடுங்க சார்."

அதோடு ஒட்டிக்கொண்டது. வகுப்பு முடிந்தாலும் அவர் கிளம்ப மாட்டார். நான் வயரைச் சுற்றி வைத்து, நாற்காலி நாற்காலியாகச் சூயிங்கம் சுரண்டி முடிக்கும் வரை முன்வரிசையில் உட்கார்ந்து எதையாவது கேட்டுக்கொண்டிருப்பார். ஒருத்தன் சாவியை வைத்துக்கொண்டு பூட்டுக்காகவும், இன்னொருத்தன் பூட்டை வைத்துக்கொண்டு சாவிக்காகவும் நின்றால் என்ன ஆகும் என்பார். "ரெண்டு பேரும் என்கிட்டதான் வந்து கத்துவாங்க" என்பேன். வீட்டுக்குப் போகாமல் இந்த மனிதர் ஏன் என்னோடு மல்லுக்கட்டுகிறார் என்று அப்போது புரியவில்லை.

ஒரு நாள் புரொஜக்டர் ரிமோட்டை மறந்துபோய்ப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். வாங்கிவரப் போனேன். மாடி வீடு, இரண்டு அறை. அழைப்பு மணி கிடையாது. வாசலில் உள்ள சுவிட்சைப் போட்டால் உள்ளே ஒரு விளக்கு மின்னும்படி வைத்திருந்தார். அவருடைய அக்காவுக்குக் காது அறவே கேட்காது. கூடப் பிறந்தவர்கள் இருவர்தான். இருவருக்கும் கல்யாணம் அமையவில்லை. காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறார், உள்ளே அரிக்கிறது என்று அக்கா கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாராம்.

நான் இருந்த நேரத்தில் அவர்கள் பேசிக்கொண்டதைப் பார்த்தேன். வாயருகே கையைக் கொண்டுபோனால் சாப்பாடு. உள்ளங்கையில் விரலால் தொட்டால் மாத்திரை. கன்னத்தில் கையை வைத்தால் தூக்கம். அந்த வீட்டுக்கு அவ்வளவு போதும் போலிருக்கிறது. அடுக்களையில் ஒரு மூடி உருண்டு விழுந்தது. திரும்பிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அக்கா பொத்தான் தைத்துக்கொண்டே இருந்தார். அவர் பாசமாகத்தான் இருந்தார், தம்பி சட்டைக்குத்தான் தைத்துக்கொண்டிருந்தார். ஆனால் வாயைத் திறந்து ஒன்றைச் சொல்லி, பதிலுக்கு ஒன்றைக் கேட்பதென்றால் இந்த மனிதருக்கு அது எங்கள் ஹாலில்தான்.

இதை என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். "ஒருநாள் கூட்டிட்டு வாங்களேன். உங்களையே இவ்வளவு நேரம் பேச வைக்கிற ஆளு எப்படி இருப்பார்னு நானும் பாக்கணும்" என்றாள்.

வந்தார். உட்கார்ந்ததும் அடுக்களைப் பக்கம் பார்த்து, "ஏம்மா, ரெண்டு அடுப்பு, நாலு பாத்திரம். எதை முதல்ல ஏத்துவீங்க?" என்றார்.

"பசிக்குதா சார்? இதோ ஆயிடுச்சு."

"இல்லம்மா, சும்மா கேக்கறேன்." காத்திருந்தார்.

அவள் கரண்டியோடு யோசித்தாள். "சட்டுனு ஆகறதை முதல்ல ஏத்தி இறக்கிடுவேன். நடுவுல பெரியவன் பசிக்குதுன்னு கத்தினா அவனுக்கு உள்ளது முன்னால வரும். கத்தாதவங்களுக்குக் கடைசிதான்." என்னைக் கரண்டியால் காட்டினாள். "இவருக்கு எப்பவும் ஆறினது."

"அங்கதாம்மா ஒரு ஓட்டை. சட்டுனு ஆகறதே வந்துக்கிட்டு இருந்தா, ரொம்ப நேரம் வேக வேண்டியது எப்போ வேகும்?"

"அன்னைக்கு வெளிய வாங்கிக்குவோம் சார்."

சாப்பிட்டு முடித்தும் அவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளைகள் படுக்கைக்குப் போனார்கள். என் வீட்டுக்காரி என் காதருகே வந்து, "போகச் சொல்லவும் மனசு வரல, தூக்கமும் தாங்கல" என்றாள். அக்காவுக்கென்று ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்த பிறகுதான் அவருக்கு வீட்டு ஞாபகம் வந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் துறையில் ஒரு முடிவு எடுத்தார்கள். இனிமேல் அறிமுக வாரம் கிடையாது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வீடியோ. பிள்ளைகள் வீட்டிலிருந்தே பார்த்துவிட்டுப் பெயர் கொடுக்கலாம். துறைத்தலைவர் ஹாலுக்கே வந்து சொன்னார்: "நல்லா அமைஞ்சா சார், முழுப் பாடத்தையும் அப்படியே ரெக்கார்டு பண்ணிடலாம். வருஷா வருஷம் நீங்க தொண்டையைக் கிழிச்சுக்க வேண்டாம்."

அவர் நல்லதென்று நினைத்துத்தான் சொன்னார். ஆனால் இவர் மாட்டிக்கொண்டதைப் பாருங்கள். வீடியோ மோசமாக வந்தால் பிள்ளைகள் சேர மாட்டார்கள், பாடம் போய்விடும். நன்றாக வந்தால் ஹால் போய்விடும். துறைத்தலைவர் போன பிறகு அவர் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்.

"ஆளே இல்லாம எப்படிங்க அறிமுகம் செய்யறது?"

"காமிராவை ஒரு ஆளா நினைச்சுக்குங்க சார்."

"அது பதில் சொல்லுமா?"

சொல்லாதுதான். நான் போய் வயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

படம் பிடிக்கிற நாள் வந்தது. ஹாலில் நாங்கள் இருவர்தான். நாற்காலிகள் எல்லாம் மடங்கிக் கிடந்தன. மேடையில் அவர், கடைசி வரிசைக்குப் பின்னால் காமிராவோடு நான். நான் கையைக் காட்டியதும் தொடங்கினார்.

"வரிசையில ஒரு சின்ன வேலை நிக்குது. அதை விட அவசரமான வேலை ஒண்ணு வந்து முன்னால நுழையுது. அது முடியறதுக்குள்ள இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. முதல்ல நின்ன அந்தச் சின்ன வேலை என்ன ஆகும்?"

கேட்டுவிட்டு நிறுத்தினார். கையைக் கட்டிக்கொண்டார். சரி, அடுத்ததை யோசிக்கிறார் என்று நினைத்தேன். அவர் யோசிக்கவில்லை. மடங்கிக் கிடந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார், பிள்ளைகளின் முகங்களைப் பார்க்கிற மாதிரியே. காமிராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. எவனாவது இருமினால்கூடத் தேவலை என்று இருந்தது.

"செத்துப் போகும் சார்" என்றேன், பின்னாலிருந்து.

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

"சாகாதுங்க! அதுதான் கொடுமை. உசிரோட நின்னுக்கிட்டே இருக்கும். இதுக்குப் பட்டினின்னு பேரு. சரி, அதுக்கு என்ன வழி?"

"கத்தணும்."

"அதுக்கு வாய் கிடையாது."

"அப்போ யாராவது பாத்து இழுத்து முன்னால விடணும்."

"ஏன் அப்படித் தோணுச்சு?" என்றபடி மேடையை விட்டு இறங்கிவிட்டார். படியேறி, வரிசை வரிசையாகத் தாண்டி என்னிடம் வந்து, பக்கத்து நாற்காலியை விரித்து உட்கார்ந்துகொண்டார். காத்திருக்கக் காத்திருக்க அதன் மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே வர வேண்டும், ஒருநாள் அதுவே எல்லாரையும் விட அவசரமாகிவிடும், அதுதான் வழி என்று எனக்கு விளக்கினார். நான் மறுத்தேன். அப்படியானால் எவனும் சும்மா வந்து நின்றே காரியத்தைச் சாதித்துக்கொள்வானே என்றேன். அவர் கையைத் தட்டிச் சிரித்தார். வாதம் வளர்ந்தது. காமிராவை இருவருமே மறந்துவிட்டோம். அது பாட்டுக்குக் காலி மேடையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

எடிட்டிங் பார்க்கிற பெண் மறுநாள் போன் செய்தாள். "அண்ணே, என்ன கூத்து இது? ஆளு ஒரு கேள்வி கேக்கறார், அப்புறம் சிலை மாதிரி நிக்கிறார். அதுக்கப்புறம் படத்துல ஆளையே காணோம். யாரோ ரெண்டு பேர் எங்கயோ உக்காந்து வம்பு பேசற சத்தம் மட்டும் வருது."

"அந்த ரெண்டுல ஒண்ணு நான்தாம்மா."

"தெரியுது, தெரியுது. நான் பாத்துக்கறேன் விடுங்க."

அவள் கெட்டிக்காரி. அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. நின்ற இடத்தையெல்லாம் வெட்டினாள். என் குரலை வெட்டினாள். காலி மேடை வந்த இடத்தில் படங்களை ஒட்டினாள். என்னிடம் அவர் சொன்ன பதில்களை எடுத்துக் கேள்விகளின் வாலிலேயே தைத்துவிட்டாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய படம் தேநீர் குடித்து முடிக்கிற நேரத்துக்குச் சுருங்கியது.

ஹால் திரையில் போட்டு அவரும் நானும் பார்த்தோம். திரையில் இருந்தவர் கேள்வி கேட்டார், கேட்ட வாய் மூடுவதற்குள் பதில் சொன்னார். அடுத்த கேள்வி, அடுத்த பதில். தடுமாற்றமே இல்லை.

"நல்லாத்தாங்க இருக்கு" என்றார் அவர். பிறகு, "இந்த ஆளுக்கு யாருமே வேண்டாம் போலிருக்கே" என்றார்.

நான் புரொஜக்டரை அணைத்தேன்.

வீடியோ பிய்த்துக்கொண்டு போனது. "வெயிட்டிங் சார் இவ்வளவு ஸ்பீடா!" என்று பிள்ளைகள் ஆச்சரியப்பட்டார்கள். எந்த வருஷமும் இல்லாத கூட்டம் பெயர் கொடுத்தது. அந்தப் பருவம் முழுக்க அவர் காமிரா முன்னால் நின்று மொத்தப் பாடத்தையும் சொல்லி முடித்தார். இந்தத் தடவை வேறொரு சின்ன அறையில், அந்தப் பெண்ணே பக்கத்தில் இருந்து, "சார், நிறுத்தாம போங்க, நிறுத்தாம போங்க" என்று சொல்லிச் சொல்லி எடுத்தாள். அடுத்த பருவம் அவருடைய பாடம் நிரம்பி வழிந்தது. அவருக்கு வகுப்பு இல்லை. சந்தேகம் இருந்தால் மெயிலில் கேட்கலாம் என்று அறிவித்தார்கள். அவ்வளவு தெளிவான வீடியோவில் யாருக்குச் சந்தேகம் வரும்? துறையில் தினமும் வர வேண்டாம், விடைத்தாள் திருத்த வந்தால் போதும் என்றார்கள். அதையும் சலுகையாகத்தான் சொன்னார்கள்.

கொஞ்ச நாள் அவர் சும்மாவே ஹாலுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். பிறகு, வேறு துறைக்காரர்கள் கூட்டம் போட்டிருக்கும்போது உள்ளே நிற்கக் கூச்சப்பட்டு வருவதைக் குறைத்துக்கொண்டார். நானும் என் வீட்டுக்காரியும் இரண்டு தடவை போய்ப் பார்த்தோம். விளக்கு மின்னியதும் அவரே ஓடி வந்து கதவைத் திறந்தார். பேச்சுப் பேச்சு என்று பேசிவிட்டு, நாங்கள் செருப்பை மாட்டும்போது மாடிப்படியில் கூடவே இறங்கி, தெருமுனை வரை வந்தார். அந்தப் பருவம் முடிவதற்குள் நெஞ்சு வலி வந்து போய்விட்டார். பக்கத்து அறையில் இருந்த அக்காவுக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

அவர் என்னிடம் தனக்காக ஒன்று கேட்டது ஒரே ஒரு தடவைதான். அவருடைய வகுப்பு நின்றுபோன அந்தப் பருவத்தின் முதல் நாள் காலை, ஹாலைத் திறந்து நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது.

"ஹால் திறந்தாச்சா?"

"ஆச்சு சார். வேற யாருக்கோ கூட்டமாம்."

"நம்ம வகுப்பு..."

"உங்க பாடம்தான் வீடியோ ஆயிடுச்சே சார்."

"தெரியுங்க, தெரியும். புதுசா சேர்ந்த பிள்ளைங்க விவரம் தெரியாம, யாராவது பழைய அட்டவணையைப் பாத்துட்டு அங்க வந்து நிக்கலாம் இல்லையா?"

"வரலாம் சார்."

"வந்தா, வீடியோவுல பாத்துக்கோன்னு அனுப்பிடாதீங்க. ஒரே ஒரு பிள்ளையா இருந்தாலும் சரி, உட்கார வைங்க. பின்னாடி ரூம்லயாவது உட்கார வைங்க. எனக்கு ஒரு ரிங் குடுங்க. அக்காவுக்குச் சாப்பாட்டை எடுத்து வெச்சுட்டு, பஸ் பிடிச்சு வந்துடறேன்."